கையில் இருப்பதும் பின்னால் வருவதும்

கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி, அம்பத்தென்னையைக் கடந்தால் அக்குறணை. பத்துக் கிலோமீற்றர் தூரம்தான். இந்த வீதியில் ஒரு வேனைப் பொலிஸார் மறித்து, ஆசனத்துக்கு அடியில் உரிமம் இல்லாத துவக்கு ஒன்றைக் கண்டெடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள். கைது, நீதவான் முன் ஆஜர், விளக்கமறியல். அந்தத் துவக்கால் யாரையும் சுட்டிருக்கத் தேவையில்லை, யாரையும் மிரட்டியிருக்கவும் தேவையில்லை. அது அங்கே இருந்ததே குற்றம்.

அதே வீதியில் உயர்தர வகுப்புக்குப் போகும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் நிற்கிறான். அவள் ஏறும் பஸ்ஸில் ஏறுகிறான், டியூஷன் முடியும் நேரம் எதிர்க்கடை வாசலில் நிற்கிறான், மாலையில் அவளுடைய ஒழுங்கை முனைவரை வந்து திரும்புகிறான். ஒரு வார்த்தை பேசியதில்லை, கை நீட்டியதில்லை. இப்படி எட்டு மாதம். வாப்பாவும் மகளும் பொலிஸுக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, “அவன் என்ன செய்தான்?” அதற்குச் சட்டத்தின் மொழியில் சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்காது. வீதியில் நடப்பது குற்றமல்ல. பஸ்ஸில் ஏறுவதும் கடை வாசலில் நிற்பதும் குற்றமல்ல. எட்டு மாதத்தின் ஒவ்வொரு நாளையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குற்றம் எங்கேயும் இல்லை. அந்தப் பிள்ளையின் பயம் மட்டும் நாளுக்கு நாள் கூடுகிறது.

சுடுகலன் குற்றத்தையும் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். தீங்கு நடக்குமுன்பே தலையிடலாம் என்பதை நம்முடைய சட்டம் துவக்கு விஷயத்தில் நூறாண்டுக்கு மேலாக ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது. பின்னால் வரும் மனிதன் விஷயத்தில் அது இன்னும் ஏற்கப்படவில்லை.

துவக்குக்கு உரிமம் என்ற யோசனை மலைநாட்டுக்கு நல்ல பெயரோடு வந்ததல்ல. 1848 இல் ஆளுநர் டொரிங்டன் விதித்த வரிகளில் துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷிலிங் என்பதும் ஒன்று. நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வேறாக வரி, அதோடு வீதி வேலைக் கட்டாயம். அந்த ஜூலையில் கண்டியில் மக்கள் திரண்டார்கள், மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது, ஓகஸ்ட் 8 ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று உரிமம் என்பது வருமானத்துக்கான வழி. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தில்தான் பொதுமக்களின் பாதுகாப்பு முன்னுக்கு வந்தது. இன்றுவரை நடைமுறையில் இருப்பது அதே சட்டம், பல திருத்தங்களோடு.

பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு உரிமத்தை மாவட்டச் செயலகம் பார்க்கிறது. தற்பாதுகாப்புக்கான உரிமத்தைப் பாதுகாப்பு அமைச்சு பார்க்கிறது. இரண்டையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்டி மாவட்டத்துக் கிராமங்களில் காட்டுப்பன்றியும் குரங்கும் தோட்டத்தை அழிக்கும்போது துவக்கு என்பது மண்வெட்டி போல ஒரு வீட்டுச் சாமான்தான். அதை எடுத்துக்கொண்டு போகிறவரைக் குற்றவாளி போலப் பார்க்கக்கூடாது. கட்டுத்துவக்கு வேறு விஷயம். பன்றிக்கென்று கட்டுகிற கம்பி, விறகு பொறுக்கப் போகும் தோட்டத் தொழிலாளியின் காலையும் சிறுத்தையின் உயிரையும் பிரித்தறியாது.

தண்டனைகள் கடுமையானது 1996 இல். அந்த ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தபின், ரி-56 போன்ற தானியங்கித் துவக்கை வைத்திருந்தவருக்கு ஆயுள் தண்டனை வரை போகிறது. போரில் குவிந்து, பின்னர் கைமாறிய ஆயுதங்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கடுமையின் காரணம் விளங்கும். ஆனால் தண்டனையின் நீளம் ஒரு விஷயம், வழக்கு நிற்பது இன்னொரு விஷயம். “உடைமையில் இருந்தது” என்ற இரண்டு சொற்களை நிரூபிப்பதற்குள் அரச தரப்புக்குப் போதும் போதும் என்றாகிவிடும். வேனில் நாலு பேர் இருந்தால் துவக்கு யாருடையது? வீட்டுக்குப் பின்னால் வாழைப்பாத்தியில் கிடைத்தால், அந்தப் பாத்திக்கு எத்தனை பேருக்கு வழி இருந்தது? அங்கே ஆயுதம் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதையும், அது அவருடைய கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்பதையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும்.

பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் 27 ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சந்தேகநபர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புடைய வார்த்தைகளை மட்டும் நீதிமன்றம் ஏற்கலாம். துவக்கு வழக்குகளில் பெரும்பகுதி இந்தக் கதவுக்குள் நின்றுதான் நடக்கிறது. வாக்குமூலம் எப்போது எழுதப்பட்டது, தேடப்போன குழுவில் யார் யார், பொருளுக்கு முத்திரை வைத்தது யார், அது பொலிஸ் நிலையத்திலிருந்து பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு யார் கையால் போனது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் போதும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதிலேயே தொங்குவார். அது அவருடைய கடமை. அறிக்கை வந்து, சட்டமா அதிபர் குற்றப்பகர்வுப் பத்திரம் தாக்கல் செய்து, மேல் நீதிமன்றத்தில் விளக்கம் தொடங்குவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

கடுமையான சட்டம் இருந்தும் துவக்குகள் ஓயவில்லை. 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி கொழும்பு அளுத்கடை நீதவான் நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாள உலகக் குழுத் தலைவர் எனப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி உடையில் வந்தார் என்றும், துவக்கு ஒரு சட்டப் புத்தகத்தின் தாள்களை வெட்டிக் குடைந்து அதற்குள் கொண்டுவரப்பட்டது என்றும் பொலிஸார் அறிவித்தார்கள். அந்தப் புத்தகத்தின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை 2024 நவம்பர் 7 ஆம் திகதிக்குள் மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்திருந்தது. உரிமம் பெற்றவர்கள் ஒப்படைத்தார்கள். உரிமம் கேட்காதவர்களிடம் இருப்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லை.

இவ்வளவு குறை இருந்தும், துவக்கு விஷயத்தில் சட்டத்துக்கு எதைத் தேட வேண்டும் என்பதாவது தெரியும். இரும்பும் மரமும் சேர்ந்த ஒரு பொருள் அது. மேசைமேல் வைத்து இலக்கமிடலாம். பின்தொடர்தலை அப்படி மேசைமேல் வைக்க முடியாது. நாட்களின் வரிசைதான் அதன் உடல்.

2023 மே மாதம் கம்பளைக்கு அருகே வெலிகல்லப் பகுதியில், காலையில் வேலைக்கென்று நடந்து போன ஓர் இளம் பெண் காணாமல் போனார். ஊரே தேடியது. நாட்கள் கழித்துப் புதைக்கப்பட்ட உடல்தான் கிடைத்தது. கைதானவர் ஊரில் தெரிந்த ஒருவர். அந்தப் பெண் தன்னை மறுத்ததே காரணம் என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு ஜனவரியில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் திடலில் ஒரு பல்கலைக்கழக மாணவி பட்டப்பகலில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கைதானவர் கூடப் படித்தவர். 2025 ஜனவரியில் கண்டி தவுலகலப் பகுதியில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவியைக் கறுப்பு வேனில் இழுத்துப் போட்டுக் கொண்டுபோன காட்சியை நாடு முழுவதும் கைப்பேசியில் பார்த்தது. அவர் இரண்டு நாளில் மீட்கப்பட்டார். இந்த மூன்றிலும் துவக்கு இல்லை. எங்கள் ஊர்களில் பின்தொடர்பவன் கையில் பெரும்பாலும் துவக்கு இருப்பதில்லை. அவனுக்குத் தேவைப்படுவது அவள் போகும் வழியும் போகும் நேரமும்தான்.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் பின்தொடர்தல் என்ற பெயரில் ஒரு குற்றம் இல்லை. அருகில் வருவது 1995 இல் மாற்றி எழுதப்பட்ட 345 ஆம் பிரிவு, பாலியல் தொல்லை. ஐந்து ஆண்டுவரை சிறை. ஆனால் வார்த்தையிலோ செயலிலோ பாலியல் தன்மை இருக்க வேண்டும். சும்மா நிற்பவனிடம், பூவும் சொக்லேட்டும் கொடுத்தனுப்புகிறவனிடம் அதை எப்படிக் காட்டுவது? அடுத்தது 483, 486 ஆம் பிரிவுகள், குற்றவியல் மிரட்டல். கொல்வேன், முகத்தில் ஊற்றுவேன் என்றால் பிடிக்கலாம். கொலை மிரட்டலுக்கு ஏழு ஆண்டுவரை போகும். “நீ இல்லாவிட்டால் நான் செத்துவிடுவேன்” என்று கையை வெட்டிப் படம் அனுப்பினால்? பெண்பிள்ளைகளை உறைய வைப்பதற்கு அதைவிட வலிய மிரட்டல் இல்லை. ஆனால் அவன் தன்னையே காயப்படுத்துவதாகச் சொல்வதை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது மிகக் கடினம்.

நடத்தையின் தொடரைச் சட்டம் கண்ட ஓர் இடம் உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். உணர்வுரீதியான துன்புறுத்தல் என்பதற்கு அது சொல்லும் வரைவிலக்கணமே ஒரு தொடர்ச்சியான நடத்தையைப் பற்றியது. பாதிக்கப்பட்டவர் நேரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் போகலாம். உடனே இடைக்காலக் கட்டளை, பிறகு பன்னிரண்டு மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை. மீறினால் ஓராண்டுவரை சிறை. கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்ந்தவர், பெற்றோர், சகோதரர் என்று போய், பெற்றோரின் உடன்பிறந்தாருடைய பிள்ளை வரை இந்தச் சட்டம் எட்டும். மச்சான் முறை சொல்லிக்கொண்டு “எனக்கென்று பேசிய பிள்ளை” என்று உரிமை கொண்டாடுகிறவன் இதற்குள் வருகிறான் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. விவாகரத்துக்குப் பின்னும் விடாமல் துரத்தும் முன்னாள் கணவன் மீதும், காதி நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதோ இல்லையோ, இதே சட்டத்தில் கட்டளை கேட்கலாம். ஆனால் எந்த உறவும் இல்லாதவன், பஸ்ஸில் கண்டவன், டியூஷனில் பக்கத்து வரிசையில் இருந்தவன் இதற்கு வெளியே நிற்கிறான். யாருக்கு எதிராக அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலி தேவையோ, அவனுக்குத்தான் வேலி இல்லை.

பிறகு 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. ஒருவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிட்டுத் தொல்லை செய்வதை அதன் 20 ஆம் பிரிவு குற்றமாக்கி, ஐந்து ஆண்டுவரை சிறை வைத்திருக்கிறது. தொல்லை என்பதற்கு அது தரும் பொருள் விரிவானது. பயமுறுத்துவது, மனத்தைக் கலக்குவது, கண்ணியத்தைக் குலைப்பது எல்லாம் அடங்கும். பேச்சுச் சுதந்திரத்துக்கு இச்சட்டத்தால் வரும் ஆபத்தைப் பற்றி வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் சொன்ன கண்டனங்கள் நியாயமானவை. நான் சொல்ல வருவது வேறு. திரைக்குள் நடக்கும் தொல்லைக்கு விரிவான வரைவிலக்கணம் எழுதத் தெரிந்த பாராளுமன்றம், ஒழுங்கை முனையில் நடக்கும் தொல்லைக்கு ஒரு வரி எழுதவில்லை.

ஏட்டில் இருப்பது இவ்வளவு. நிலையத்தில் நடப்பது இன்னொரு கதை. “ஒரு என்ட்ரி போட்டு வைங்க” என்பார்கள். சில வேளை அவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்புவார்கள். சில வேளை இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவார்கள், அல்லது இணக்க சபைக்கு அனுப்புவார்கள். வேலித் தகராறுக்கும் கடன் பிணக்குக்கும் இணக்க சபை அருமையான ஏற்பாடு. ஆனால் இங்கே இணங்க வேண்டிய இரண்டு பக்கங்கள் இல்லை. அவனைப் பார்க்க விரும்பாதவளை அவனுக்கு எதிரே கதிரை போட்டு உட்கார வைப்பதே அவன் இத்தனை மாதம் கேட்டதைக் கொடுப்பதாகும். குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 81 ஆம் பிரிவில் சமாதானத்தைப் பேணுவதற்கான பிணைமுறி வாங்கும் வழி ஒன்று இருக்கிறது. அது பயன்படக்கூடிய வழிதான். ஆனால் பல வேளைகளில் இரு தரப்பிலும் கையொப்பம் வாங்கப்படுகிறது. துரத்தப்பட்டவளும் “சமாதானத்தைக் குலைக்க மாட்டேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள்.

மொழியைச் சொல்லாமல் போக முடியாது. அக்குறணையில் தமிழ் பேசும் ஒரு தாய் சொல்வதைப் பொலிஸார் சிங்களத்தில்தான் எழுதிக்கொள்வார்கள். அவருக்குச் சிங்களம் பேச வரும், எழுதியதை வாசிக்க வராது. “பொறத்தால வாறான், நிக்கிறான், பாக்கிறான்” என்பது “தகராறு” என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிப் பதிவாகும் அபாயம் இருக்கிறது. தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. துவக்கு வழக்கில் ஒரு சொல் பிசகினாலும் துவக்கு அங்கேயே இருக்கும். பின்தொடர்தல் வழக்கில் அந்தப் பதிவைத் தவிர வேறு பொருளே இல்லை. அதனால்தான் எத்தனையாம் திகதி, எத்தனை மணி, எந்த இடம், யார் கண்டது என்று வரிசையாகத் தமிழில் எழுதிய ஒரு கடதாசியோடு போய், அதை வாக்குமூலத்தோடு இணைக்கச் சொல்வது நல்லது. கடையின் கமரா பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். கைப்பேசிச் செய்திகளைப் படம் பிடித்தால் மட்டும் போதாது, அந்தக் கைப்பேசியையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம், பதிவுகளையும் கணினிச் சாட்சியத்தையும் ஏற்க வழி செய்தபோதே, எதிர்த்தரப்புக்கு முன்கூட்டி அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்து தீர்ப்பும் வந்துவிடுகிறது. “வீட்டில் குமர் இருக்கு, பேர் கெட்டுப் போகும்.” வகுப்பு நிற்கிறது, கைப்பேசி பறிக்கப்படுகிறது, அவசரமாக ஒரு கலியாணம் பேசப்படுகிறது. குற்றம் செய்தவன் அதே கடை வாசலில் நிற்கிறான், தண்டனை அவளுக்குக் கிடைக்கிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வொன்றில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லையை அனுபவித்ததாக 90 சதவீதமான பெண்கள் சொன்னார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் நினைத்தால் இந்த இடைவெளியில் நிறையச் செய்யலாம். வெள்ளத்திலும் கலவரத்திலும் இந்த ஊரை ஒன்றாக நிறுத்தியவை அவைதான். ஆனால் அவர்கள் செய்ய வேண்டியது சமரசம் பேசுவதல்ல, முறைப்பாட்டுக்காரியோடு நிலையம்வரை நடந்து போவது.

வேறு நாடுகளும் இந்த இடத்தில் தடுமாறித்தான் எழுந்தன. 1989 ஜூலையில் அமெரிக்க நடிகை ரெபெக்கா ஷேஃபர், தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் மூன்று ஆண்டுகளாக அவரைத் துரத்திக்கொண்டிருந்த ரசிகன். மறு ஆண்டே கலிபோர்னியா பின்தொடர்தலைக் குற்றமாக்கியது. பிரித்தானியாவின் 1997 ஆம் ஆண்டுச் சட்டம் தனிச் செயலை விட்டுவிட்டு நடத்தைத் தொடரைக் குற்றமாக்கியது, இரண்டு தடவை நடந்தாலே அது தொடர். 2012 இல் பின்தொடர்தல் என்ற பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். தமிழ்நாட்டில் 1998 இல், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சேட்டையால் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தபின் தனிச் சட்டம் வந்தது. 2013 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354 டி சேர்ந்தது, இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78 ஆம் பிரிவு. பெண் தெளிவாக மறுத்த பின்னும் தொடர்வது குற்றம், முதல் தடவை மூன்று ஆண்டு, மறுபடி செய்தால் ஐந்து. ஆனாலும் 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் காலை நேரக் கூட்டத்தின் நடுவே வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டம் இருந்தது, அதன் வாசல்வரை யாரும் போகவில்லை. விரட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் மனம் இரங்குவாள் என்று படம் படமாகச் சொல்லித் தந்த சினிமாவை நம்மூரிலும் பார்த்துத்தானே வளர்ந்தோம்.

அமெரிக்காவிடமிருந்து எடுக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வீட்டு வன்முறைக்காகத் தடைக் கட்டளை பெற்றவரிடம் துவக்கு இருக்கக்கூடாது என்ற சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. துவக்கை அரசியலமைப்பு உரிமையாக வைத்திருக்கும் நாட்டிலேயே இது முடிகிறது.

நமக்கு வேண்டிய சட்டத்தை எழுதுவது கடினமல்ல, கவனமாக எழுதுவதுதான் கடினம். இரண்டு தடவைக்கு மேல் பின்தொடர்தல், காத்து நிற்றல், விரும்பாத தொடர்பு, வேறொருவர் மூலம் தூது, கைப்பேசி வழியாகக் கண்காணித்தல் என்று நடத்தையைச் சொல்ல வேண்டும். அது நியாயமான ஒருவரைப் பயத்தில் ஆழ்த்துமா என்பது அளவுகோலாக வேண்டும். ஆண்களும் துரத்தப்படுகிறார்கள், கடன் வசூலிக்க வருபவர்களால் குடும்பங்களும் துரத்தப்படுகின்றன, ஆகவே பால் பார்க்காமல் எழுத வேண்டும். எல்லாவற்றையும்விட, விருப்பமின்மை பாதிக்கப்பட்டவருடையதாக இருக்க வேண்டும், வீட்டாருடையதாக அல்ல. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனமொத்துப் பழகும் இருவரைப் பிரிக்க, முக்கியமாக இனமோ மதமோ வேறாக இருக்கும்போது, இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கத் துடிக்கும் அப்பாக்களும் அண்ணன்களும் எங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். வயது வந்த பெண்ணின் வாக்குமூலத்தைத் தனியே, அவளுடைய மொழியில், பெண் உத்தியோகத்தர் ஒருவர் எடுக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கட்டும்.

பெரிய தண்டனை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரி-56 க்கு ஆயுள் தண்டனை எழுதி முப்பது ஆண்டாகிறது. முதல் வாரத்திலேயே கிடைக்கும் ஒரு தடைக் கட்டளை, பத்து ஆண்டு கழித்து வரும் பத்து ஆண்டுச் சிறையைவிட அந்தப் பிள்ளைக்குப் பயன்படும். வீட்டு வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்புக் கட்டளையை உறவில்லாதவர்களுக்கும் நீட்டினாலே பாதிக் கிணறு தாண்டியதாகும். 2024 இல் பெண்கள் வலுவூட்டல் சட்டத்தால் உருவான தேசிய ஆணைக்குழுவின் முதல் வேலைகளில் ஒன்றாக இதை வைக்கலாம். அதுவரை 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும், 109 என்ற பொலிஸ் இலக்கமும், சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றன.

துவக்குக் கோப்பும் முறைப்பாட்டுக் கோப்பும் சேர வேண்டிய இடம் இதுதான். உரிமம் கேட்கும்போது பொலிஸ் அறிக்கை கேட்கிறார்கள். கொடுத்த பிறகு, அந்த வீட்டில் ஒரு பெண் பாதுகாப்புக் கட்டளை வாங்கினால், அது அன்றைக்கே மாவட்டச் செயலகத்தில் அந்த உரிமக் கோப்பைத் திறக்க வைக்க வேண்டும். கட்டளை முடியும்வரை துவக்கு பொலிஸ் நிலையத்தில் இருக்கட்டும். பன்றி வந்தால் விரட்டப் பக்கத்து வீட்டுக்காரரின் துவக்கு இருக்கிறது.